வீட்டுக்குள் ஒரு சபா

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "டெக்னிக்கலா ஒரு இருபது நிமிஷம் பேசணும். ஆனா குடும்பத்தோட வர்றவங்களுக்கும் புரியணும்" என்று சொன்னார். எனவே எல்லார் வீட்டு ஹாலுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். வீட்டில் பாட்டுக் கேட்க உயர்ரக வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்குவது எப்படி? கடந்த சில வருஷங்களில் நம் பேட்ச் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். "மச்சான், எது பெஸ்ட்? பேரை மட்டும் சொல்லு" என்பார்கள். ஒரு ஜோடி லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷமான எஞ்சினீயருக்கு அது சின்னத் தொகை அல்ல. பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் சங்கீதம் நம் ஊருக்குப் புதிது இல்லை. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924லேயே ஒலிபரப்பை ஆரம்பித்துவிட்டது. பணத் தட்டுப்பாட்டால் 1927ல் அது நின்றது. பிறகு 1930ல் சென்னை மாநகராட்சி அந்தப் பொறுப்பை ஏற்று நடத்தியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டார்கள். காற்று வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். 1938 ஜூன் 16ல் சென்னை வானொலி நிலையம் தொடங்கும் வரை இது தொடர்ந்தது. அதாவது நூறு வருஷத்துக்கு முன்பே காற்றில் வந்த சங்கீதத்தை நம் ஊர் கேட்டிருக்கிறது. இன்றைக்கு மாறியிருப்பது, ஸ்டேஷனிலிருந்து வந்த அலை இப்போது நம் வீட்டு ரூட்டரிலிருந்து வருகிறது என்பதுதான். ஸ்பீக்கரின் கூம்பு காற்றைத் தள்ளுவது, அந்தக் காற்று சுவரில் மோதித் திரும்புவது, நம் காது அதைக் கேட்பது, இவை மூன்றும் மாறவே இல்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கடையில் நமக்குக் காட்டும் வரிசை: முதலில் வயர்லெஸ் வசதி, அடுத்து வாட், அடுத்து பெட்டியின் பளபளப்பு, பில் போடும்போது "ஸார், உங்க ஹால் எவ்வளவு பெருசு?" என்ற கேள்வி. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். முதலில் அறை. அடுத்து காது. அடுத்து பெட்டி. கடைசியில் வயர்லெஸ்.

முதலில் அறை

தி.நகரிலோ அடையாறிலோ ஒரு நடுத்தரமான பிளாட்டின் ஹாலை எடுத்துக்கொள்வோம். நீளம் 4.5 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். கன அளவு சுமார் 47 கன மீட்டர். தரை, சுவர், கூரை எல்லாம் சேர்த்துப் பரப்பு சுமார் 80 சதுர மீட்டர். தரையில் வழவழவென்று டைல்ஸ், சுவரில் சிமெண்டுப் பூச்சு, மேலே கான்கிரீட். இவை ஒலியை உறிஞ்சுவது நூற்றுக்கு 3 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் 1895ல் ஒரு வேலை கொடுத்தார்கள். ஃபாக் கலைக்கூடத்து வகுப்பறையில் ஆசிரியர் பேசினால் ஒரு வார்த்தையும் புரியவில்லை; ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்து, அறையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டார். அந்த உழைப்பில் பிறந்ததுதான் எதிர்முழக்க நேரத்தின் சூத்திரம். கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். அவர் உறிஞ்சலை அளக்க வைத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது அல்லவா?

நம் ஹாலுக்குக் கணக்குப் போடுங்கள். காலி அறையின் உறிஞ்சல் 2.4. எதிர்முழக்க நேரம் 3 விநாடிக்கு மேல் வருகிறது! மிருதங்கத்தில் ஒரு சொல் விழுந்து அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்துவிடும். அதே ஹாலில் ஒரு சோபா, தடித்த ஜன்னல் திரை, தரையில் கனமான கம்பளம், ஒரு புத்தக அலமாரி, மூன்று மனிதர்கள் என்று சேர்த்தால் உறிஞ்சல் 12ஐத் தாண்டும். நேரம் 0.6 விநாடிக்கு இறங்கிவிடும். எந்தக் கம்பெனியின் எந்த மாடலும் இந்த வித்தியாசத்தைச் செய்ய முடியாது.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமே என்று கேட்கலாம். உஸ்மான் ரோடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த யோசனை சரிப்படாது. ஒலி வெளியே போகிற வழியில் ஆட்டோவும் பஸ்ஸும் உள்ளே வரும். அதே போல மின்விசிறி. ஐந்தில் சுற்றும் விசிறியின் இரைச்சலில் தம்பூராவின் நுணுக்கம் முழுக்க அமிழ்ந்துபோகும். வேகத்தை இரண்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரை மாற்றியது போல இருக்கும். செலவு கிடையாது.

இதோ, இந்த ஆடிட்டோரியத்தையே பாருங்கள். பின் வரிசையில் இருப்பவர்களே, என் குரல் கேட்கிறதா? (கேட்கிறது என்ற குரல்கள்.) புரிகிறதா? (சிரிப்பு.) பிரச்சினை அதுதான். கேட்பது வேறு, புரிவது வேறு.

அடுத்து காது

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. வயது 74. மயிலாப்பூர்வாசி. ரசிக ரஞ்சனி சபா, மியூசிக் அகாடமி, நாரத கான சபா என்று மார்கழி முழுக்க நடந்தே போய்க் கேட்டவர். முழங்கால் வலி வந்த பிறகு சபாப் படிக்கட்டு அவருக்குத் தூரமாகிவிட்டது. கச்சேரியை வீட்டுக்குக் கொண்டு வருவது என்று முடிவு செய்தோம்.

ஒரு ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தரை முழுக்கக் கம்பளம், சுவரில் மெத்தை, ஏ.சி. குளிர். அங்கே எது போட்டாலும் தேனாக இருந்தது. விற்பனைப் பையன் ஒலியை ஏற்றிக்கொண்டே போனான். அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "தம்பி, சத்தம் நல்லாவே கேக்குது. சாகித்யம்தான் புரியலை" என்றார்.

காது டாக்டரிடம் பரிசோதித்தபோது விஷயம் தெளிவானது. வயது ஏற ஏற, காது முதலில் இழப்பது மேல் ஸ்தாயி அதிர்வுகளைத்தான். க, ச, ட, த என்ற மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது. ஆகவே ராகம் கேட்கும், வார்த்தை கரைந்துவிடும். அறையின் முழக்கமும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் மெய்யொலியும் போய்விடும். சத்தத்தை ஏற்றினால் முழக்கமும் கூடவே ஏறுகிறது. அதனால் பயன் இல்லை.

எனவே பட்ஜெட்டில் ஒரு பங்கை முதலில் திரைக்கும் கம்பளத்துக்கும் ஒதுக்கினேன். அப்பாவின் நாற்காலியை ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் நேராக வரும் ஒலி அதிகம், சுவரில் பட்டு வருவது குறைவு. ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவருக்கே கொடுத்தேன். வீட்டில் வைத்து இரண்டு நாள் கேட்டுப் பார்க்க ஒத்துக்கொண்ட கடையிலிருந்து இரண்டு ஜோடி வந்தன. விலை கூடிய ஜோடியில் மிருதங்கம் ஹாலையே அதிர வைத்தது. விலை குறைந்த ஜோடியில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கூடவே சரணத்தைச் சொன்னார். எதை வாங்கினோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தது யாரோ, அதைப் புத்தக அலமாரிக்குள் திணித்து வைப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. பல மாடல்களில் பின்பக்கம் ஒரு காற்றுத் துளை உண்டு. அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கீழ் ஒலி வீங்கும். தனி ஸ்டாண்டில், சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி, மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர் உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். இடம் இல்லாத வீடாக இருந்தால் பின் துளை இல்லாத மாடலைத் தேடுங்கள்.

சின்னப் பெட்டி போதுமா என்று சந்தேகம் வரும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்பூராவில், மந்தர ஸட்ஜத் தந்தியின் அதிர்வு சுமார் 65 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு அது 98 ஹெர்ட்ஸ். சினிமாப் பாட்டில் வரும் பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆகவே கச்சேரிதான் பிரதானம் என்றால் 60 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கும் ஐந்து, ஆறு அங்குல ஸ்பீக்கர் தாராளமாகப் போதும். தனியாக சப்வூஃபர் தேவை இல்லை. தவிர, நம் ஹாலே தன் பங்குக்குப் பாடும். 4.5 மீட்டர் நீளம் 39 ஹெர்ட்ஸிலும், 3.5 மீட்டர் அகலம் 50 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் உயரம் 58 ஹெர்ட்ஸிலும் ஒத்ததிர்வு கொடுக்கும். அந்த இடத்தில் சப்வூஃபரைக் கொண்டு வைப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. பக்கத்து பிளாட் மாமி காலிங் பெல் அடிப்பார்.

சின்னப் பெட்டியின் பரம்பரையும் கௌரவமானதுதான். 1970களின் தொடக்கத்தில் பி.பி.சி. தன் வெளி ஒலிப்பதிவு வேன்களுக்குள் வைக்க எல்.எஸ்.3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது. வேனுக்குள் இடம் இல்லை. ஆனால் பேச்சுக் குரல் பிசகாமல் கேட்க வேண்டும். அதன் உறுப்புகளைத் தயாரித்துக் கொடுத்த கெஃப் நிறுவனம், அந்தப் பெட்டியை நினைவுகூரும் விதமாக 2012ல் எல்.எஸ்.50 என்ற மாடலையும், 2016ல் அதன் வயர்லெஸ் வடிவத்தையும் கொண்டு வந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. இன்றைய உயர்ரக வயர்லெஸ் ஜோடிகள் பலவும் இந்த வழியில் வந்தவைதான். நான் யாருக்கும் ஏஜெண்ட் இல்லை. குரலுக்காகப் பிறந்த வடிவம் இது என்று சொல்லத்தான் இந்தக் கதை.

வாட் விஷயம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் கையகல டேப்ரெக்கார்டரில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உண்மைக் கணக்கு இது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர், இரண்டரை மீட்டரில் 77 டெசிபல் தரும். ஜோடியாகச் சேர்ந்தால் 80. வீட்டில் சராசரி 75 டெசிபலே தாராளம். அதற்கு அரை வாட்கூட வேண்டாம். தனி ஆவர்த்தன உச்சத்துக்கு 20 டெசிபல் கூட்டினாலும் சுமார் 30 வாட்தான். 100 வாட் மாடலுக்கும் 200 வாட் மாடலுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். அதற்கு முப்பதாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாமா என்று நீங்களே யோசியுங்கள்.

கேட்டுப் பார்க்கும்போது மூன்று விஷயம். முதலாவது, இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே அளவு ஒலியில் வையுங்கள்; போனில் உள்ள ஒலி அளக்கும் ஆப் போதும். ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் "நல்ல ஸ்பீக்கர்" போலத்தான் தோன்றும். இரண்டாவது, மெதுவாகவும் கேளுங்கள். ஒலி குறையும்போது காதுக்குக் கீழ் ஸ்தாயி அதிகமாக மறைகிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள். ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் கேட்கப் போவது அந்த அளவில்தான். மூன்றாவது, மிருதங்கத்தை வைத்துச் சோதியுங்கள். நம் பிரசிடென்சி காலேஜில் படித்த சர் சி.வி.ராமன், மிருதங்கத்தின் கரணை காரணமாக அதன் மேலதிர்வுகள் தந்தி வாத்தியம் போல ஒழுங்காக அமைகின்றன என்று 1920ல் நேச்சர் இதழில் எழுதினார். அதனால்தான் வலந்தலை சுருதியோடு சேர்கிறது. தம்பூராவோடு மிருதங்கம் சேர்ந்து நிற்பது காதுக்குத் தெரிந்தால் நல்ல ஸ்பீக்கர். வெறும் "டப் டப்" என்று கேட்டால் பெட்டிதான் பாடுகிறது, மிருதங்கம் இல்லை.

கடைசியில் வயர்லெஸ்

வயர்லெஸ் என்று வாங்கினாலும் இரண்டு பெட்டிக்கும் கரண்ட் வயர் வேண்டும். சில மாடல்களில் ஒன்றையொன்று இணைக்க மூன்றாவது வயர் வேறு. பெட்டிகளை வைக்கப் போகும் இடத்தில் எர்த் உள்ள பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐப்பசி இடி மின்னலில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதும் நல்லது.

சி.டி.யின் ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட். சாதாரண ப்ளூடூத்தின் எஸ்.பி.சி. முறை சுமார் 328 கிலோபிட்டுக்கு அதைச் சுருக்கி அனுப்புகிறது. எல்.டி.ஏ.சி. முறை 990 வரை போகும். சிக்னல் பலவீனமானால் அதுவும் 330க்கு இறங்கும். வைஃபை முழு சி.டி. தரத்தையும் சுருக்காமல் கொண்டு வரும். அதில் இன்னொரு வசதி: பாட்டை ஸ்பீக்கரே நேராக இழுத்துக்கொள்கிறது, போன் வெறும் ரிமோட்தான். ப்ளூடூத்தில் கேட்டால், ஆலாபனை நடுவில் "கிரெடிட் கார்டு வேணுமா ஸார்?" என்று போன் வந்தால் கச்சேரி நின்றுவிடும். ஆனால் யூடியூபில் வரும் பழைய கச்சேரி ஏற்கனவே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. அதற்கு ப்ளூடூத்தே போதும். எதைக் கேட்கிறோமோ அதற்குத் தகுந்த செலவு.

அடுக்குமாடி வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். முப்பது வீடும் அதையே பங்கு போட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் காலியாக இருக்கும், ஆனால் சுவர் தாண்டத் தடுமாறும். ரூட்டர் ஹாலிலேயே இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டி.வி.யில் கச்சேரி பார்ப்பவர்கள் ஹெச்.டி.எம்.ஐ. வயரில் கொடுங்கள், ப்ளூடூத்தில் கை முதலில் விழும், சொல் பின்னால் வரும்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மரப்பெட்டியும் கூம்பும் நன்றாகச் செய்திருந்தால் இருபது வருஷம் உழைக்கும். உள்ளே இருக்கும் வயர்லெஸ் மூளைக்கு அந்த ஆயுசு கிடையாது. கூகுள் 2015ல் கொண்டு வந்த குரோம்காஸ்ட் ஆடியோ 2019ல் நிறுத்தப்பட்டது. வாங்கியவர்கள் உபயோகித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதும் உலகம் முழுக்க அவை சில நாள் வேலை செய்யாமல் நின்றன; கூகுள் பிறகு சரி செய்தது. சோனோஸ் நிறுவனம் தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்குப் புதிய சாஃப்ட்வேர் கிடையாது என்று 2020ல் அறிவித்தது. எலெக்ட்ரானிக்ஸ் கெடவில்லை, கூம்பு கிழியவில்லை. எங்கோ ஒரு சர்வர் சொல்வதைப் பொறுத்து உங்கள் ஹாலில் பாட்டு வருகிறது.

ஆகவே நான் வைக்கும் ஒரே கண்டிப்பான நிபந்தனை: பின்பக்கத்தில் பழைய அனலாக் இன்புட் ஒன்று, முடிந்தால் ஆப்டிகல் ஒன்று இருக்க வேண்டும். நாளைக்கு உள்ளே உள்ள வயர்லெஸ் செத்தாலும், சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு புது ரிசீவரை வெளியே மாட்டிப் பெட்டியைக் காப்பாற்றலாம். இணையமும் ஆப்பும் இல்லாவிட்டால் மூச்சே விடாத ஸ்பீக்கரை, எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், வாங்காதீர்கள்.

கடைசியாக நம் ஊர்க் காற்று. அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் இந்த ஈரப்பதத்தில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் வளையம் நீண்டு உழைக்கும். பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டருக்குச் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மதிய வெயில் விழும் ஜன்னலடியில் வைக்காதீர்கள். வாங்குமுன் "போர்டு போனா இங்கேயே மாத்துவீங்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இறுதி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இந்த ஆடிட்டோரியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலூனை ஊசியால் குத்துங்கள், போனில் பதிவு செய்யுங்கள், ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்து, எங்கே எத்தனை சதுர மீட்டர் திரை வேண்டும் என்று சங்கத்துக்கு ஒரு எஸ்டிமேட் கொடுங்கள். துணிச் செலவில் முதல் பங்கை நான் தருகிறேன் என்று இந்த மேடையிலேயே சொல்லிக்கொள்கிறேன். (கைதட்டல்.) அடுத்த சந்திப்பில் பின் வரிசைக்கும் வார்த்தை புரிய வேண்டும்.

இன்றைக்கு ஒரே வீட்டில் நாலு பேர், நாலு இயர்போனில், நாலு பாட்டுக் கேட்கிறோம். நல்ல ஸ்பீக்கர் ஒன்று ஹாலில் இருந்தால் அப்பாவின் தோடியை மகனும், மகனின் சினிமாப் பாட்டை அப்பாவும் கொஞ்ச நேரமாவது சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சகித்துக்கொள்வது சில நாளில் ரசிப்பதாகவும் மாறும். லட்ச ரூபாய் போடுவதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.